தூங்கவில்லை என்றுதான் சொன்னேன்

எங்கள் சங்கம் மாதம் ஒரு முறை நாலு பக்கத் தாள் ஒன்று அடிக்கிறது. வேலையை விட்டவர்கள் அதில் எழுதலாம் என்று செயலாளர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் முடியாது என்றேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன் நான். பேசுவதே குறைவு. எழுத எங்கே வரும்.

போன மாதம் பாய்லர்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் செய்தி போட்டிருந்தார். "ரெண்டு ஷிப்ட் சேர்த்து அடிச்சேன் பாஸ். கண்ணு மூடவே இல்ல. ஒண்ணும் ஆகல லா." கீழே வரிசையாகக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அதைக் கேட்ட பிறகு செயலாளருக்குப் போன் பண்ணி, எழுதுகிறேன் என்றேன்.

பந்திங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தேன். முதல் ஐந்து வருஷம் பாய்லர் அடுப்படியில் சாம்பல் வாரினேன். அப்புறம் பாய்லர்மேன் பரீட்சை எழுதினேன். மலாய் வாய்மொழியில் ரெண்டு தடவை பெயில். மூன்றாவது தடவை பாஸ். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லோரியில் செம்பனைக் குலை வரும். அதை நீராவியில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள். அந்த நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. பாய்லர் நின்றால் ஆலை நின்றது. குலை வாசலில் கிடந்து கெட்டுப்போகும்.

பாய்லருக்கு உயிர் தண்ணீர். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் நீளமாக ஒரு கண்ணாடி இருக்கும். பாதியில் தண்ணீர்க் கோடு தெரிய வேண்டும். கோடு ஏறி இறங்கும். நாங்கள் பன்னிரண்டு மணி நேரமும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதில் ஒரு விஷயம் உண்டு. தண்ணீருக்கு நிறமில்லை. கண்ணாடி அடியிலிருந்து நுனிவரை நிறைந்திருந்தாலும் கோடு தெரியாது. சுத்தமாகக் காய்ந்திருந்தாலும் கோடு தெரியாது. ரெண்டும் பார்வைக்கு ஒன்று. எது என்று தெரிய வேண்டுமானால் கண்ணாடியை ஊத வேண்டும். மேலே நீராவிக் குழாய்க்கு ஒரு திருகு, கீழே தண்ணீர்க் குழாய்க்கு ஒரு திருகு, அடியில் வடிகாலுக்கு ஒரு திருகு. மேலே உள்ளதை மூடு. வடிகாலைத் திற. தண்ணீர் பீறிட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வெறும் ஆவி புஸ்ஸென்று போனால் இல்லை. ஒரு நிமிஷ வேலை.

இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் சட்டம். முதலில் அடுப்பை அணை. தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடாதே. ஆட்களை வெளியே அனுப்பு. ஆறும்வரை கிட்டே போகாதே. பழுத்த இரும்பில் தண்ணீர் விட்டால் அது வெடிக்கும். பரீட்சையில் முதல் கேள்வியே அதுதான்.

இதையெல்லாம் எனக்குக் கைப்பழக்கமாக்கியவர் தேவராஜ் அண்ணன். அவர்தான் தலைமை பாய்லர்மேன். ஒல்லியான மனிதர். பாய்லர் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் கத்தவே மாட்டார். கையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் வா என்று அர்த்தம். ரெண்டு தட்டினால் கண்ணாடியைப் பார். ஷிப்ட் மாறும்போது வருகிறவனும் போகிறவனும் சேர்ந்து நின்று கண்ணாடியை ஊத வேண்டும். ஒருவன் மட்டும் ஊதினால் ஏற்கமாட்டார். சாப்பிட்டியா என்று யாரையும் கேட்டதில்லை. தூங்கினியா என்றுதான் கேட்பார்.

அவரிடம் ஒரு டாம் பலகை இருந்தது. கட்டம் போட்ட பலகை, சோடா மூடிகள்தான் காய். யாராவது ஒரு ஷிப்டுக்கு மேல் இருக்க வேண்டி வந்தால், நடுவில் அவனை உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடுவார். பொழுதுபோக்குக்கு இல்லை. அவன் எப்படி ஆடுகிறான் என்று பார்ப்பார்.

ஒரு தடவை நான் இருபது மணி நேரம் இருந்தேன். என்னை உட்காரவைத்தார். நான் படபடவென்று நகர்த்தினேன். ஒரு காயைக் கொடுத்து ரெண்டைப் பிடிக்கலாம் என்று கொடுத்தேன். அவர் மூன்றைப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொன்றைக் கொடுத்தேன்.

அவர் பலகையை மடித்தார். என் கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"போய்ப் படு."

"எனக்குத் தூக்கமே வரலண்ணே."

"அதான் போய்ப் படுங்கறேன்."

அன்றைக்கு எனக்குக் கோபம். பிறகு ஒருநாள் கேட்டேன். "அவசரக்காரனும் காயைக் கொடுப்பான், தூங்காதவனும் கொடுப்பான். தூங்காதவன் சிரிச்சிக்கிட்டே கொடுப்பான்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அவர் ஓய்வு பெற்றார். நான் தலைமைக்கு வந்தேன். கொஞ்ச நாளில் மிஸ்டர் சிவா என்று ஒரு எஞ்சினியர் வந்தார். நம் ஆள்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பேசுவார், காலையில் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிவருவார். டாம் பலகையைப் பார்த்துவிட்டு, "வேலை நேரத்துல விளையாட்டாண்ணே? மேனேஜர் பார்த்தா என்னையில்ல கேப்பாரு" என்றார். ஸ்டோருக்குப் போய்விட்டது. அது எதற்கு இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்று பாய்லர்மேன் இருக்க வேண்டிய இடம். ஒருவர் மேருவில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. நானும் சுப்ராவும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரமாக மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

குலை அதிகமாக வரும் மாதம். ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஏறினேன். முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு சுப்ரா வரவில்லை. தெலுக் இந்தானில் மாமியார் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. மிஸ்டர் சிவா மேனேஜரைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்தார். வாசலில் பதினெட்டு லோரி நிற்கிறது என்றார். இன்னும் சிலது சொன்னார். நான் தலையாட்டினேன்.

இரவு பிரச்சினை இல்லை. தண்ணீர் குறைந்தால் அடிக்கும் அலாரம் ஒன்று உண்டு. மூன்று மாதமாகவே அது காரணமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். வரவில்லை. அடிக்கும்போதெல்லாம் கண்ணாடியை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவோம். அன்றைக்கு முதல் தடவை ஊதினேன். ரெண்டாம் தடவையும் ஊதினேன். மூன்றாம் தடவை ஊதவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டேன். சனியன் ஒழிந்தது என்று இருந்தது.

காலை ஏழு மணி. மாற்று ஆள் மத்தியானம்தான் வருவார் என்றார் மிஸ்டர் சிவா. "முடியுமாண்ணே?" என்று கேட்டார். கேட்டார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "இதெல்லாம் ஒரு வேலையா சார்" என்றேன்.

அந்த நேரத்துக்கு அடுப்படிக்கு செல்வம் வந்தான். என்னைவிட பத்து வயது சின்னவன். எட்டு வருஷமாக என்னோடு அடுப்பு வேலை பார்த்தவன். வாய் ஓயாது அவனுக்கு. நான் பாடிக்கொண்டிருந்தேன். நான் பாடுகிற ஆள் இல்லை.

"என்னண்ணே, கச்சேரி பலமா இருக்கு. பாய்லரே பயந்து ஊதப் போகுது" என்றான்.

"உனக்குப் பொறாமைடா."

"தூங்கலியாண்ணே?"

"தூக்கமா? நாளைக்கும் இருப்பேன்டா நான்."

இதைத்தான் நன்றாகக் கவனிக்கச் சொல்கிறேன். கொட்டாவி வரவில்லை. கண் எரியவில்லை. நடு இரவில் கொஞ்சம் தள்ளாடியது, விடிந்ததும் போய்விட்டது. உடம்பு லேசாக இருந்தது. எது செய்தாலும் சரியாக வரும் என்று இருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செல்வம் கண்ணாடியைக் காட்டினான்.

"அண்ணே, கோடு தெரியல."

பார்த்தேன். தெரியவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. "நெறைஞ்சிருக்குடா. பம்பு ஓடுதுல்ல" என்றேன்.

"ஊதிப் பாருங்கண்ணே."

"எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"பாடம் இல்லண்ணே. ஒரு நிமிஷம்தானே."

அந்தப் பக்கம் குலை வேகவைக்கும் இடத்திலிருந்து நீராவி போதவில்லை என்று கத்துகிறார்கள். நான் ஊதவில்லை. பம்பை நிறுத்தினேன். நிறைந்துவிட்டது என்று நினைத்ததால், அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் வெளியேயும் விட்டேன். பம்புக்கு முன்னால் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாகத் தண்ணீர் உள்ளே போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்ததை நான் இன்னும் வடித்துவிட்டேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். பெயின்ட் கருகும் வாடை வந்தது. அப்போதுதான் ஊதினேன். ஆவி மட்டும் வந்தது.

அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சட்டம் முழுக்க ஞாபகம் இருந்தது. அடுப்பை அணை, பம்பைத் தொடாதே, ஆளை அனுப்பு. ஒரு வரியும் மறக்கவில்லை. கணக்குத்தான் வேறு மாதிரி ஓடியது. அடுப்பை அணைத்தால் ஆலை ரெண்டு நாள் நிற்கும், ஊருக்கே தெரியும், அது நிச்சயம். சல்லடையைத் தட்டிவிட்டுத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டால் ஒருத்தருக்கும் தெரியாமல் சரியாகிவிடும். வெடிக்கும் என்பதும் தெரியும். ஆனால் அது யாருக்கோ எங்கோ நடக்கிற விஷயம் மாதிரி இருந்தது. காயைக் கொடுத்து ரெண்டைப் பிடிக்கிற மாதிரி.

சல்லடையை எடுத்துத் தட்டி மாட்டினேன். பம்பு அடுப்புக்குப் பின்பக்கம் இருக்கிறது. செல்வம் முன்பக்கம் அடுப்பு வாசலில் சாம்பல் இழுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிப் போகச் சொல்ல ஒரு தட்டுப் போதும். நான் தட்டவில்லை. தட்டினால் ஏன் என்று கேட்பான்.

பம்பைப் போட்டேன்.

உள்ளே குழாய் பிளந்தது. நீராவியும் நெருப்பும் அடுப்பு வாசல் வழியாக வெளியே வந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

செல்வம் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் அவன் பெண்சாதி பார்வதி கதவருகே வந்து, "வேணாம்ணே, இப்ப வேணாம்" என்றது. அப்புறம் போகவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தூங்கிவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். குடித்திருந்தீர்களா? இல்லை. விதி தெரியாதா? தெரியும். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தூங்கவில்லை, குடிக்கவில்லை, விதியும் தெரியும், பிறகு ஏன் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'கெச்சுவாயான்' என்று எழுதினார். கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டேன். எத்தனை மணி நேரம் முழித்திருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் நொண்டிச் சாக்கு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

சர்ட்டிபிகேட் போனது. ஆலையும் அனுப்பிவிட்டது. மிஸ்டர் சிவா வேறு ஆலைக்குப் பெரிய எஞ்சினியராகப் போனார் என்று கேள்வி. நான் சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியில் ஒன்பது வருஷம் செக்யூரிட்டியாக இருந்தேன். கேட்டைத் திறப்பதும் மூடுவதும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இப்போது கிள்ளானில் மகளோடு இருக்கிறேன். இரவில் தூக்கம் மூன்று மணி நேரம்தான். மகள் இந்த வருஷம் வற்புறுத்தி பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன வயதுப் பெண். மாத்திரை எழுதித் தருவாள் என்று நினைத்தேன். "அங்கிள், என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். எப்போதிலிருந்து தூக்கமில்லை என்றாள். அதையும் சொன்னேன். மகளுக்கே அன்றைக்குத்தான் முழுக்கத் தெரியும்.

டாக்டர் மணிக்கணக்கை விரல்விட்டு எண்ணினாள். "இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல" என்றாள். பிறகு தன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க, நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைதான் அங்கிள், இரு, யோசி, இது வேணாம்னு சொல்ற இடம். தூக்கம் இல்லன்னா அது சீக்கிரமா மங்கிப் போயிடும். மத்ததெல்லாம் ஓரளவு ஓடும். நடப்பீங்க, பேசுவீங்க, வால்வு திறப்பீங்க. கிடைக்கப்போறது பெருசாத் தெரியும். போகப்போறது சின்னதாத் தெரியும்."

"மங்கிப் போனது எனக்கே தெரியாதா டாக்டர்?"

"தெரிஞ்சிக்க வேண்டியதும் அந்த இடந்தான் அங்கிள்."

அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். பிரீஃபிரண்டல் கார்டெக்ஸ் என்றாள். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அதிகாரியின் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. மகளை வேலைக்கு அனுப்பிவிட்டு, அப்படியே ரயில் ஏறி சாலாக் செலாத்தானுக்குப் போனேன். செல்வம் அங்கே மாடிவீட்டில் இருப்பதாகத் தெரியும். தாள் சட்டைப் பையில் இருந்தது. வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். குற்றவாளி இல்லை என்று கோர்ட்டில் கொடுத்த சீட்டு மாதிரி இருந்தது எனக்கு.

பார்வதி கதவைத் திறந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்றது.

செல்வத்தின் முகம் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிறது. அந்தப் பக்கக் கண் முழுக்க மூடாது. விரல்கள் மடங்காது. வாய் மட்டும் பழைய வாய்.

"என்னண்ணே, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"உன்னைப் பார்க்கத்தான்."

"பன்னெண்டு வருஷமா ரயில் ஓடலியா?"

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். தாளையும் கொடுத்தேன். அவன் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துப் படித்தான்.

"அப்ப பத்து மணிக்கு உங்க மூளை சரியில்ல."

"ஆமா."

"நான் ஊதிப் பாருங்கன்னு சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"சரி, விடுங்க. அதையும் மூளை தலையிலயே போட்டுருவோம்." சிரிக்கக்கூடச் செய்தான். பார்வதி சிரிக்கவில்லை.

அப்புறம் கேட்டான். "முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எப்படி இருந்தீங்க?"

"எப்படின்னா?"

"சுப்ரா வரலன்னு சொன்னப்ப. அப்ப மூளை நல்லாத்தானே இருந்துச்சு?"

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து ஒரு ஷிப்ட் பார்த்தவன். தினமும் பார்க்கிற ஷிப்ட். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"இருக்க முடியாதுன்னு சொல்லியிருந்தா வேலைய விட்டு நிறுத்தியிருப்பாங்களா?"

"இல்ல. பாய்லரை அடைச்சிருப்பாங்க. குலை கெட்டிருக்கும். அவ்வளவுதான்."

"அப்புறம் ஏண்ணே தலையாட்டுனீங்க?"

விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி. டாக்டரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கு மிஸ்டர் சிவா என் தோளில் கை போட்டு மேனேஜரிடம், "இவர் இருக்கும்போது நமக்கென்ன சார் கவலை, இவர் மாதிரி ஆளு எங்க கிடைக்கும்" என்றார். மேனேஜர் என்னிடம் கை நீட்டினார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேனேஜர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கையெல்லாம் கரி. சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

அப்படியே சொன்னேன் செல்வத்திடம்.

அவன் தாளைப் பார்த்தான். மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அது எப்போதும் வருவதுதான் என்று பார்வதி துடைத்துவிட்டது.

"அதுக்கா அண்ணே?" என்றான்.

"அதுக்குத்தான்" என்றேன்.

தாளை உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தபடி என்னிடம் திருப்பி நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.